‘மிஸ்ஸிங்’ அடிக்கும் வண்டி... மழுப்பும் சர்வீஸ் சென்டர்! வாரண்டியில் வேலை வாங்குவது எப்படி?

“விதை வாங்கினால் ரசீது கேளுங்கள். லாட் எண் போட்ட காலிப் பையை அறுவடை முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.” வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, போகிற கிராமக் கூட்டங்களில் எல்லாம் நான் சொல்லிவரும் வார்த்தைகள் இவை. முளைப்பு சரியில்லை என்று புகார் கொடுக்க வேண்டி வந்தால், அந்தப் பையும் ரசீதும்தான் விவசாயிக்குச் சாட்சி.

ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன நான், சொந்தத் தம்பி வண்டி வாங்கியபோது சொல்லவில்லை. அதனால் அவனுக்கு நாலரை மாதம் வீணானது. ஆறு முறை சர்வீஸ் சென்டருக்கு அலைந்தான். வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம் தனிக்கணக்கு. இதே அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால், நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எந்த கம்பெனி, எந்த டீலர் என்பது இங்கே தேவையில்லை. எந்த கம்பெனி வண்டி வைத்திருந்தாலும் இந்தப் பாடம் பொருந்தும்.

ஏத்தத்தில் நின்ற வண்டி

தம்பிக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று ஏக்கர். தக்காளி, கத்தரி, பீட்ரூட் மாறி மாறிப் போடுவான். மார்க்கெட்டில் ஏலத்துக்கு விட்டால் கட்டுப்படியாகவில்லை என்று, குமுளியில் சில கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் நேரடியாகக் கொடுக்க ஆரம்பித்தான். அதற்காகவே கடன் போட்டு இரண்டு சிலிண்டர் பெட்ரோல் மினி வண்டி ஒன்றை வாங்கினான். ஊரில் எல்லோரும் ‘குட்டியானை’ என்று சொல்வோமே, அந்த ரகம். ஓட்டுவதும் அவன்தான்.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. ஐந்தாவது மாதம் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் போன்.

“அண்ணே, லோயர் கேம்ப் தாண்டி ஏத்தத்துல நிக்கிறேன். வண்டி இழுக்கவே மாட்டேங்குது. மிஸ்ஸிங் அடிக்குது. மீட்டர்ல மஞ்ச லைட்டு விட்டு விட்டு எரியுது.”

“கொஞ்ச நேரம் ஆறவிட்டு மெதுவா ஏத்து. நாளைக்கு சர்வீஸ்ல காட்டிக்கலாம்” என்று சொல்லிவிட்டு நான் தூங்கிவிட்டேன். அடுத்த நான்கு மாதமும் போனிலேயே இப்படித்தான் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சர்வீஸ் சென்டர் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். முதல் முறை பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, “சரியாயிடுச்சு” என்றார்கள். ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. இரண்டாவது முறை, “சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு.” மூன்றாவது முறை, “பெட்ரோல்ல கலப்படம் இருக்கு. அது வாரண்டியில வராது” என்று டேங்கைக் கழுவி 1,800 ரூபாய்க்கு பில் போட்டார்கள். நான்காவது முறை, “ஓவர்லோடு ஏத்துறீங்க அண்ணா. வண்டியில ஒண்ணும் இல்ல.” ஐந்தாவது முறை, காலையில் விட்ட வண்டியை மாலையில், “நாங்களும் ஓட்டிப் பார்த்தோம், நல்லாத்தான் ஓடுது” என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு முறையும் ஒருநாள் போகும். அன்றைக்குப் பறித்த தக்காளியைக் கொண்டுபோக வாடகை வண்டிக்கு 2,500 ரூபாய். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. குமுளிக் கடைக்காரர் ஒருவர், “நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னே தெரியலையே” என்று வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டார். தம்பியை உடைத்தது அதுதான். வீட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து, “வண்டியை வித்துடலாம்னு இருக்கேண்ணே” என்றான்.

அப்போதுதான் கேட்டேன். “இத்தனை தடவை விட்டியே, ஜாப் கார்டு எங்கே?”

ஐந்து முறை போனதற்கு அவன் கையில் இருந்தவை இரண்டே காகிதங்கள். ஒன்று, டேங்க் கழுவிய பில். இன்னொன்றில், ‘பொதுப் பரிசோதனை’ என்று மட்டும் எழுதியிருந்தது. மிஸ்ஸிங் என்ற வார்த்தை எதிலுமே இல்லை. அதாவது, எழுத்துக் கணக்குப்படி அவன் வண்டிக்கு அப்படி ஒரு கோளாறு வந்ததே கிடையாது.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

இரட்டை மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு நின்று நின்று இழுத்தால் எப்படி இருக்கும்? வண்டி குலுங்கும், இழுவை பாதியாகும். இன்ஜினில் மிஸ்ஸிங் என்பதும் அதுதான். ஒரு சிலிண்டரில் எரிய வேண்டிய நேரத்தில் எரிபொருள் எரியாமல் போகிறது.

பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டர் சரியாக எரிய நான்கு விஷயங்கள் வேண்டும்: அளவான பெட்ரோல், அளவான காற்று, போதுமான அழுத்தம், சரியான நேரத்தில் தீப்பொறி. இதில் எது தவறினாலும் மிஸ்ஸிங்தான். பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், வால்வு, காற்று கசியும் ரப்பர் குழாய், வயர், கனெக்டர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். டீசல் வண்டிக்கு பிளக், காயில் கிடையாது. அதில் இன்ஜெக்டர், அடைத்த ஃபில்டர், டீசலில் கலந்த தண்ணீர், லைனில் புகுந்த காற்று ஆகியவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகள் பி.எஸ்.6 ரகம். இவற்றில் இன்ஜினைக் கவனிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. மிஸ்ஸிங் வந்தால் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கை எரியவிடும். கூடவே ஒரு குறியீட்டையும் பதிவு செய்யும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர், பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ்ஸிங். கோளாறு பதிவான நேரத்தில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்ற விவரங்களும் அதில் சேமிக்கப்படும். ஸ்கேனர் மாட்டினால் எல்லாம் தெரியும்.

பிறகு ஏன் கண்டுபிடிக்கவில்லை? சர்வீஸ் சென்டர் இருப்பது சமவெளியில். வண்டியைக் காலி நிலையில், இன்ஜின் சூடாகாத காலை நேரத்தில், ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார்கள். கோளாறோ, லோடு ஏற்றி மலை ஏறும்போதுதான் வருகிறது. காலி வண்டியில் அது வரவே வராது. முதல் இரண்டு முறையும் ஸ்கேனரில் இருந்த குறியீட்டை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு பழைய பதிவும் போய்விட்டது.

டீலர் பக்கமும் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். டீலர் வேறு, வண்டி தயாரிக்கும் கம்பெனி வேறு. வாரண்டியில் மாற்றிய பாகத்துக்கும் கூலிக்கும் டீலர் கம்பெனியிடம்தான் பணம் கேட்க வேண்டும். ‘இந்தப் பாகம்தான் கெட்டது’ என்பதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் கம்பெனி மறுத்துவிடலாம். நஷ்டம் டீலர் தலையில் விழும். அதனால், உறுதியாகத் தெரியாத கோளாறு என்றால் துடைத்து மாட்டி அனுப்பிவிடுவதே அவர்களுக்கு லாபம். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், இதைத் தெரிந்துகொண்டால் நாம் செய்ய வேண்டியது என்ன என்பது விளங்கும். அவர்கள் மறுக்க முடியாதபடி கோளாறை அவர்கள் கண்முன்னே வரவைக்க வேண்டும். வந்ததை எழுத்தில் பதிய வைக்க வேண்டும்.

ஆறாவது முறை என்ன செய்தோம்?

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டோம். ஒவ்வொரு முறை மிஸ்ஸிங் வரும்போதும் தேதி, நேரம், கிலோமீட்டர், எவ்வளவு லோடு, ஏற்றமா சமதளமா, என்ன கியர் என்று எழுதினான். விளக்கு விட்டு விட்டு எரிவதையும், இன்ஜின் சத்தத்தையும் பக்கத்தில் உட்கார்ந்த என் மகன் செல்போனில் படம் பிடித்தான். ஓட்டுகிறவர் படம் பிடிக்கவே கூடாது.

‘ஓவர்லோடு’ என்ற பேச்சை நிறுத்த, லோடு ஏற்றியதும் எடை மேடையில் வண்டியை நிறுத்தி ரசீது வாங்கினோம். 28 பெட்டி தக்காளியோடு, ஆர்.சி. புத்தகத்தில் அனுமதித்த மொத்த எடைக்குள்தான் இருந்தது.

‘கலப்படம்’ என்ற பேச்சை நிறுத்த, ஒரே பங்க்கில் பில்லோடு பெட்ரோல் போட்டோம். இது பலருக்குத் தெரியாது: பெட்ரோலில் சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனையும், அடர்த்திச் சோதனையும் செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். அது நம் உரிமை. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டால், கலப்படம் இல்லாத பெட்ரோல் கறை இல்லாமல் ஆவியாகிவிடும்.

பிறகு ஒரு கடிதம் எழுதினோம். டீலருக்கு ஒன்று, வாரண்டி புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த கம்பெனி வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு ஒன்று. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மெயிலிலும் அனுப்பினோம். ஐந்து முறை வண்டியை விட்ட தேதிகள், ஒவ்வொரு முறையும் அவர்கள் சொன்ன பதில், இப்போதும் கோளாறு இருக்கிறது என்ற விவரம், ‘லோடோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்து தர வேண்டும்’ என்ற கோரிக்கை. அவ்வளவுதான். திட்டு ஒன்றும் இல்லை.

எட்டாவது நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் அவர்களுடைய சர்வீஸ் இன்ஜினீயரே வந்தார். லேப்டாப்பை வண்டியில் மாட்டிக்கொண்டு, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து குமுளி ஏற்றத்தில் போனார். சில வளைவுகள் தாண்டியதுமே இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இறங்கி வந்து இரண்டு சிலிண்டர்களின் காயில்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டி, திரும்பவும் ஏறிப் பார்த்தார்கள். காயில் கெட்டிருந்தால் கோளாறு முதல் சிலிண்டருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே போனவர், இரண்டாவது இன்ஜெக்டருக்குப் போகும் வயர் ஒரு கிளாம்ப்பில் உரசி, மேல் உறை தேய்ந்திருப்பதைக் காட்டினார். சமதளத்தில் அது ஒன்றும் செய்யாது. ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது இன்ஜின் தன் மவுண்டிங்கில் லேசாகச் சாயும். அப்போது வயர் இழுபட்டு, தொடர்பு விட்டு விட்டு அறுந்திருக்கிறது.

நாலரை மாதம் ஒரு குடும்பத்தை அலையவைத்தது, ஒரு முழ வயர்!

வயர் செட்டை வாரண்டியிலேயே மாற்றினார்கள். டேங்க் கழுவிய 1,800 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார்கள். இத்தனை நாள் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போயிருக்கலாம் என்பதால், அதையும் பரிசோதித்து ஜாப் கார்டில் எழுதித் தரச் சொன்னோம். எழுதித் தந்தார்கள். வாடகை வண்டிக்குக் கொடுத்த பணத்தை மட்டும் தர மறுத்துவிட்டார்கள். தம்பி, “வண்டி ஓடுனாப் போதும்ணே” என்று விட்டுவிட்டான். குமுளியில் போன அந்த ஒரு கடை போனதுதான்.

வண்டியை விடும்போதும் எடுக்கும்போதும்...

* ஜாப் கார்டு இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுத விடாதீர்கள். ‘லோடோடு ஏற்றத்தில் மிஸ்ஸிங், மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிகிறது’ என்று நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டரும் தேதியும் இருக்க வேண்டும்.
* ஸ்கேன் செய்த குறியீட்டைக் காகிதத்தில் எழுதித் தரவோ, அந்தத் திரையைப் படம் எடுக்கவோ கேளுங்கள். அழிப்பதற்கு முன்பு இதைச் செய்ய வேண்டும்.
* வண்டியை எடுக்கும்போது என்ன வேலை செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். கோளாறு தீரவில்லை என்றால், ‘சரியானது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘கோளாறு நீடிக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.
* பணம் கேட்டால், ‘இது ஏன் வாரண்டியில் வராது?’ என்பதற்கான காரணத்தை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.
* கூடுதல் விளக்கு, ஏர் ஹாரன், பாட்டுப் பெட்டி என்று வெளியில் வயரை வெட்டி இணைக்காதீர்கள். மின் கோளாறு எது வந்தாலும் அதைக் காட்டியே வாரண்டியை மறுப்பார்கள்.
* பவர் ஸ்பிரேயரில் மிஞ்சிய, ஆயில் கலந்த பெட்ரோலை வண்டியில் ஊற்றவே கூடாது. பிளக்கில் கரி பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், திறந்த கேனில் வெகுநாள் கிடந்ததையும் தவிர்த்துவிடுங்கள்.

அப்படியும் மசியாவிட்டால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நம் பக்கம் இருக்கிறது. ‘சரக்கு வண்டி வணிகத்துக்கு வாங்கியது, அதனால் நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ ஆகாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டிலேயே ஒரு தீர்ப்பில் விளக்கியிருக்கிறது. ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் இந்த உரிமை போகாது. முழுக்க முழுக்கச் சம்பள டிரைவரை வைத்து ஓட்டினால்தான் சிக்கல்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் கிடையாது. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கிய விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள புகார்கள் இங்கேதான் வரும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். டீலர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். அலைச்சலுக்கும் வருமான இழப்புக்கும் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால், அங்கேயும் முதலில் கேட்கப்போவது ஜாப் கார்டைத்தான்.

கூட்டங்களில் விவசாயிகள் கேட்ட கேள்விகள்

“மஞ்சள் விளக்கு எரியும்போது வண்டியை ஓட்டலாமா?”

நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச்சென்று சீக்கிரம் காட்டிவிடலாம். விட்டு விட்டு எரிந்தால், மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். தொடர்ந்து லோடோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, அதையும் கெடுத்துவிடும். அந்தப் பாகத்தின் விலை அதிகம்.

“உள்ளூர் மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டி போய்விடுமா?”

வாரண்டி புத்தகத்தைப் படியுங்கள். குறித்த கிலோமீட்டரில் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் நிபந்தனையாக இருக்கும். பார்த்து யோசனை சொல்லச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால், வாரண்டிப் புகார் நிலுவையில் இருக்கும்போது இன்ஜினையோ வயரையோ கழற்ற விடாதீர்கள். ஸ்கேனரில் குறியீட்டை அழிக்கவும் விடாதீர்கள்.

“வாரண்டி முடிய இருபது நாள்தான் இருக்கு. கோளாறு இன்னும் தீரலை. என்ன செய்ய?”

இன்றைக்கே வண்டியை விட்டு, கோளாறைக் குறிப்பிட்டு ஜாப் கார்டு வாங்குங்கள். கடிதமும் அனுப்பிவிடுங்கள். வாரண்டி காலத்துக்குள் பதிவான அதே கோளாறு பிறகும் தொடர்ந்தால், உங்கள் பக்கம் வலுவான வாதம் இருக்கும். காலம் முடிந்த பிறகு முதல்முறையாகச் சொன்னால் அது இருக்காது.

“வண்டி சரியாகும்வரை தவணை கட்டாமல் நிறுத்திடலாமா?”

கூடாது. கடன் கொடுத்தவருக்கும் வண்டிக் கோளாறுக்கும் சம்பந்தமில்லை. தவணை தவறினால் அபராதக் கட்டணம் ஏறும், வண்டியையே எடுத்துக்கொள்ளும் நிலையும் வரலாம். கோளாறை ஒரு பக்கம், தவணையை ஒரு பக்கம் வையுங்கள்.

தம்பி இப்போதும் வாரம் நான்கு நாள் குமுளி ஏறுகிறான். வண்டியின் டேஷ்போர்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. அதற்குள் அந்த நாற்பது பக்க நோட்டும், எல்லா ஜாப் கார்டுகளும். நானும் கூட்டங்களில் விதைப் பையைப் பற்றிப் பேசி முடித்ததும், “வண்டி வெச்சிருக்கவங்க கொஞ்சம் இருங்க, இன்னொரு காகிதத்தைப் பத்தியும் சொல்லணும்” என்று ஆரம்பித்துவிடுகிறேன்.

உங்கள் வண்டி, டிராக்டர், பம்ப்செட் வாரண்டி அனுபவங்களையும் இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்தவருக்கு உதவும்.